பதினோரு பேரில் இல்லாதவர்

என் கணவருக்குக் காலம் முடிந்துவிட்டதா என்று இந்த ஊரே ஒரு மாதம் முழுக்க என்னிடம் கேட்டது. லேக் கார்டன்ஸ் மார்க்கெட்டில் கீரைக்காரர் கேட்டார். பல் டாக்டர் என் வாய்க்குள் கருவியை வைத்துவிட்டு, பதில் சொல்ல வழியில்லாத நேரம் பார்த்துக் கேட்டார். கீழ் வீட்டுப் பெண்மணி, முப்பது வருஷமாக எங்களோடு பண்டிகைப் பலகாரம் மாற்றிக்கொள்கிறவள், மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள். மனுஷன் மேலே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து நாலாவது தோசைக்குக் காத்திருக்கிறார், இவளுக்கு என்ன துக்கம்? கையை உதறிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அவர் ஃபுட்பால் கோச். வியாசர்பாடியிலிருந்து இருபத்தொரு வயதில் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்து ஹவுராவில் வந்து இறங்கியவர். நான் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா ரயில் கார்டு. அங்கே ஆரம்பித்ததுதான் எங்கள் கல்யாணம். பத்து வருஷம் டிஃபென்ஸில் ஆடினார், முழங்கால் போனது, பிறகு கோச் ஆனார். யாருமே மதிக்காத ஒரு கிளப்பை எடுத்து, பெரிய கிளப்புகளை அவர்கள் மைதானத்திலேயே அழ வைத்தார். அந்த வருஷங்களில் எங்களால் டாக்ஸிக்குக் காசு கொடுக்க முடிந்ததில்லை, டிரைவர்கள் வாங்க மாட்டார்கள். பிறகு அவருக்கு வேறு ஊர், வேறு கிளப்; நான் இங்கேயே இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே பழைய கிளப் தாக் மேளம் அடித்து, மாலை போட்டு, அவரைத் திரும்பக் கூட்டிவந்தது. இந்த சீசனில் தோற்றார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். கடைசி இடத்துக்கு ஒரு படி மேலே தொங்கிக்கொண்டு சீசன் முடிந்தது.

அவருக்குக் காலம் முடிந்துவிட்டதா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். இவர்கள் யாருக்கும் தெரிவதற்கு முன்பே தெரியும். அதனால்தான் அத்தனை கோபம்.

பழைய நாளில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மேட்சுக்கு முந்தின நாள் மத்தியானம், நாளைக்கு ஆடப்போகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பையன் எங்கள் மேஜையில் வந்து உட்காருவான். அவன் ஆடப்போவதில்லை. அதை அவனுக்குச் சொல்வதற்காகத்தான் இவர் கூட்டிவந்திருப்பார். சாம்பார் சாதம் முடிய வேண்டும், மோர் ஊற்றுவதற்கு முன் சொல்ல வேண்டும். அதுதான் நேரம். "வெறும் வயித்துல இத்தக் கேட்டா மனசுல தங்கிடும். முழு வயித்துல கேட்டா தூங்கிடுவான்" என்பார். அவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணா, என்பார்கள். நாளடைவில் டீம் முழுக்க இது தெரிந்துபோய், "தாதா வீட்டில் சோறு" என்றாலே பதினோரு பேரில் நீ இல்லை என்று அர்த்தமாகிவிட்டது. அப்படித் தெரிந்தும் வருவார்கள். ஒரு கோல்கீப்பர் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமலே அழுதான். ஹவுரா சணல் மில் லைனிலிருந்து வந்த ஒரு லெஃப்ட் விங்கர், தொடர்ந்து மூன்று வாரம் வந்து உட்கார்ந்தான். மூன்றாவது வாரம் வாசலிலேயே நின்று, "இன்னிக்கு எனக்குப் பசிக்கல, பௌதி" என்றான். அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பசிக்கவில்லை என்றவன் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

நான் அன்னபூரணியாக நின்று சிரித்த முகத்தோடு பரிமாறினேன் என்று யாராவது நினைத்தால், அது பொய். திட்டிக்கொண்டே சமைத்தேன். வேலைக்கும் போய்க்கொண்டு, இவர் உட்காரவைக்கிற ஒவ்வொருத்தனுக்கும் உலை வைக்க எனக்கு என்ன தலையெழுத்து? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். சொல்லி முடித்த பிறகு, மோர் சாதம் சாப்பிடுகிற அந்தக் கால் மணி நேரத்தில், பையன்கள் பேசுவார்கள். யாருக்கு யாரோடு சண்டை, எவனுக்குக் கணுக்கால் வலி, எவன் அதை மறைக்கிறான், இவர் போட்ட திட்டத்தில் எது உதவாக்கரை. உட்காரவைக்கப்பட்டவனுக்கு இனிமேல் பயம் ஏது? எல்லாம் கொட்டுவான். இவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். மறுநாள் டீம் மாறியிருக்கும். பேப்பர்காரர்கள் அதை மந்திரம் என்று எழுதினார்கள்.

இரண்டாவது தடவை கோச்சாக வந்தபோது, முதல் மேட்சுக்கு முந்தின நாள் நான் பருப்பை வேகவைத்துவிட்டுக் காத்திருந்தேன். இவர் மட்டும் வந்தார்.

"பையன் எங்க?" என்றேன்.

"எந்தப் பையன்? இப்பல்லாம் போன்ல குரூப் இருக்கு. லிஸ்ட்டப் போட்டாப் போதும், பாத்துக்குவானுங்க."

இது சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் எனக்கும் முழங்கால் வலி, அறுபதைத் தொடுகிற வயது. விட்டது சனி என்றும் தோன்றியது. சரி என்று அந்தப் பருப்பை ஃபிரிட்ஜில் வைத்தேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. யாரும் வராததால் இவருக்கு எதுவும் தெரியவில்லை. டீமில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது மைதானத்துக்கு வெளியே டீ விற்கிறவருக்குத் தெரிந்திருந்தது, கோச்சுக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. தோற்க ஆரம்பித்த பிறகு சொன்னால் குத்திக்காட்டுவதாக இருக்கும் என்று அப்போதும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வங்காள டிவியில் மூன்று பேரை உட்காரவைத்து, இவர் படத்தைப் பின்னால் மாட்டி, இவரைப் பற்றியே விவாதம். எங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் பார்த்தோம். முதல் ஆள் வயசு என்றான். வயசாம்! அவனுக்கே தலையில் மை. இரண்டாவது ஆள், ஆட்டம் மாறிவிட்டது, இவர் மாறவில்லை என்று அரை மணி நேரம் சொன்னதையே சொன்னான். மூன்றாவது ஆள் அந்த லெஃப்ட் விங்கர். இப்போது அவனும் கோச், தொப்பை வேறு. கடைசி வரை பேசாமல் இருந்தவன், முடிகிற நேரத்தில் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்ச தாதா சோறு போட்டு உட்கார வைப்பார். இப்ப போன்ல லிஸ்ட் வருதாம். முடிஞ்சது அங்கதான்."

டிவியை அணைத்தேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் பண்ணுகிறான், மூன்று வாரம் என் கையால் சாப்பிட்ட நாக்கு எப்படிப் புரள்கிறது பார் என்று கத்தினேன். இவர் சிரித்தார். "அவன் அப்பவே ஜாஸ்தி பேசுவான்" என்றார். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் அவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

அடுத்து வந்தது பார் பூஜை. வங்காளப் புத்தாண்டு அன்று காலையில் இங்கே கிளப்புகளில் கோல் போஸ்டின் மேல் கட்டைக்குப் பூஜை நடக்கும். கட்டையைக் கீழே இறக்கி, பொட்டு வைத்து, மாலை போட்டு, அப்புறம் தூக்கி மாட்டுவார்கள். எங்கள் கிளப்பில் கேப்டன் ஒரு பக்கம், கோச் ஒரு பக்கம் பிடிப்பது வழக்கம். வருகிற வருஷத்துக்கு யார் கோச் என்பதை எந்த நோட்டீஸிலும் தேட வேண்டாம், கட்டையில் யார் கை இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதற்கு இரண்டு நாள் முன்பு, கிளப் செக்ரட்டரி என் போனுக்குக் கூப்பிட்டார். அவருக்கு அல்ல, எனக்கு.

"பௌதி, தாதாவுக்கு இந்த வருஷம் கொஞ்சம் ரெஸ்ட் குடுக்கலாம்னு கமிட்டி நினைக்குது. பார் பூஜைக்கு வேற ஒருத்தர் நிப்பார். நீங்க பக்குவமா எடுத்துச் சொன்னா அவர் மனசு ஆறும்."

"நீங்களே வந்து சொல்லுங்க. நாளைக்கு எங்க தமிழ் வருஷப் பிறப்பு, பாயசம் வைக்கிறேன். மேஜையில உக்காந்து சாப்பிட்டுட்டு, அவர் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க."

"ஐயோ, எந்த முகத்தோட வருவேன், பௌதி?"

"மாலை போட்டுக் கூட்டிட்டுப் போக வந்தீங்களே, அதே முகத்தோட வாங்க."

போன் வைக்கப்பட்டது. ஊரைக் கூட்டிப் புகழ்ந்தவர்கள், விரட்டுவதற்கு மட்டும் பெண்டாட்டியைத் தேடுகிறார்கள். நான் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்தேன். இவர் நேராகப் போய் நிற்கட்டும். அத்தனை பேர் முன்னால் அவர்களே வாயைத் திறந்து சொல்லட்டும். அந்த முகங்களைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

மறுநாள் சித்திரை ஒன்று. வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடி, வடை, சாம்பார், பாயசம். இவர் ரசித்துச் சாப்பிட்டார். சாம்பார் முடிந்தது. நான் மோர்ப் பாத்திரத்தோடு நின்றேன்.

"இன்னா, பேசாம நிக்கற?" என்றார்.

"அப்பளம் வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

சாயங்காலம் வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பார் பூஜைக்கு டாக்ஸி பிடித்து கிளப் மைதானத்தில் போய் இறங்கினோம். கிளப் ஆபீசாக இருக்கிற டென்ட் வாசலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. செக்ரட்டரி எங்களைப் பார்த்ததும் ஸ்வீட் டப்பாக்களை எண்ணத் திரும்பிவிட்டார். கமிட்டி ஆட்கள் எனக்கு மட்டும் கும்பிடு போட்டார்கள். இவர் எதையும் கவனிக்கவில்லை; புல்லைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார். கட்டை கீழே கிடந்தது, புது வெள்ளைப் பெயின்ட், செவ்வந்தி மாலை. பூசாரி கோச் வரலாம் என்றார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருத்தனும் ஓர் அடி எடுத்து வைத்தான். மஞ்சள் ஜிப்பா, தொப்பை. அந்த லெஃப்ட் விங்கர்.

இரண்டு பேரும் நின்றார்கள். நாலு பக்கமும் போன்கள் உயர்ந்தன. நான் பார்க்க ஆசைப்பட்ட முகங்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குக் கிடைத்தது இவர் முகம் மட்டும்தான். காதுமடல் வரை சிவந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

அவன்தான் முதலில் குனிந்து இவர் காலைத் தொட்டான்.

"தாதா, உங்களுக்குத் தெரியும்னுதானே சொன்னாங்க. பௌதிகிட்ட சொல்லியாச்சு, அவங்க சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அவன் கையைப் பிடித்துக் கட்டையின் மேல் வைத்தார். "இந்தப் பக்கம் கனம் ஜாஸ்தி. பாத்துப் புடி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

டாக்ஸியில் ரவீந்திர சரோவர் வரும் வரை நான் வாயை மூடவில்லை. செக்ரட்டரியைத் திட்டினேன், கமிட்டியைத் திட்டினேன், போன் பிடித்தவர்களைத் திட்டினேன். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரே ஒரு தடவை பேசினார்: "அவன் டிவில சொன்னது நெஜந்தான். பசங்களுக்கு நான் மூஞ்சி காட்டல." அவன் கிடக்கிறான் என்று நான் மறுபடியும் ஆரம்பித்தேன். என் கோபத்துக்கு அன்றைக்கு எல்லோரும் தேவைப்பட்டார்கள், என்னைத் தவிர.

வீட்டுக்கு வந்து வேட்டிகூட மாற்றாமல் மேஜையில் உட்கார்ந்தார். பழைய நாளில் பையன்கள் உட்காருகிற நாற்காலியில். நான் தட்டு வைத்துச் சோறு போட்டு, நேற்றைய சாம்பாரைச் சூடாக்கி ஊற்றினேன். சாப்பிட்டார். முடித்துவிட்டு, விரலைத் தட்டில் வைத்தபடியே கேட்டார்.

"உனுக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநாளே போன் பண்ணாங்க."

"நேத்து இங்கதான சாப்ட்டேன்."

"ஆமாங்க."

"சாம்பாருக்கு அப்பால சொல்லியிருக்கலாமேம்மா."