எச்சில் இலை எடுத்தவள்

என் பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே ஒரு வெண்கல வட்டல் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு வட்டல் என்றுதான் பெயர். இத்தனை கனத்தைக் கடல் தாண்டித் தூக்கி வந்தாயே என்று மகன் சிரித்தான். அம்மாயியுடையதா, அதாவது என் அம்மாவுடையதா என்று கேட்டான். இல்லை, எங்கள் வீட்டில் தங்கிப் படித்த சீமைக்காரப் பெண்ணுடையது என்றேன்.

எழுபதுகளின் நடுவில், மலையாள எல்லையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் அவள் ஒரு வருஷம் தங்கினாள். தமிழ் பேசிப் பழகி வா என்று அவளுடைய நாட்டுக் கல்லூரி அனுப்பியிருந்தது. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதலில் தங்கிய மதுரையில் ஆளாளுக்கு அவளிடம் இங்கிலீஷ் பேசிப் பார்த்தார்களாம். தப்பித்து இங்கே வந்துவிட்டாள். கடைக்குப் போனால் மலையாளம், வீட்டுக்கு வந்தால் எங்கள் கொங்குப் பேச்சு. அவள் படித்து வந்ததோ புத்தகத் தமிழ். "தாங்கள் உணவு அருந்தினீர்களா?" என்று அவள் கேட்டதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். ஊர் திரும்பியதும் அவளுக்குப் பேச்சுத் தேர்வு இருந்தது. ஆனால் தேர்வுக்காக மட்டும் ஒருத்தி அவள் பட்ட பாடு படமாட்டாள். இந்த வீட்டுப் பெண்ணாக ஒருநாளாவது இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

குறுக்கே நின்றது என் அம்மாவின் உபசாரம். விருந்தாளிக்கு முன்கட்டில் அப்பாவோடு முதல் பந்தி, தலைவாழை இலை. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க அம்மிணி" என்பதைத் தவிர அங்கே அவள் காதில் வேறென்ன விழும்? அப்பா சாப்பிடும்போது வாய் திறக்கமாட்டார். பேச்செல்லாம் அப்புறம்தான், நானும் அம்மாவும் அடுப்பங்கரையில் வட்டலை வைத்துக்கொண்டு உட்காரும்போது. ஊர் வம்பு, சண்டை, சிரிப்பு எல்லாம் அந்தக் கடைசிப் பந்தியில்தான். அவள் நிலைப்படியில் நின்று ஏக்கத்தோடு பார்ப்பாள். எனக்கும் ஒரு வட்டல் வேண்டும் என்று கேட்டும் விட்டாள். அம்மா அசையவில்லை. "வந்தவீங்களை அடுப்படில உக்கார வெச்சா ஊரு என்ன பேசும்?"

ஒருநாள் பொள்ளாச்சியிலிருந்து மாமன் வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். பந்தி முடிந்து கை கழுவ எல்லோரும் எழுந்தார்கள். அவள் மட்டும் குனிந்து தன் எச்சில் இலையை எடுத்தாள். அதோடு விட்டாளா? மாமன் இலை, அத்தை இலை என்று வரிசையாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள். விருந்தாளியை எச்சில் எடுக்க விட்ட வீடு என்ற பேர் போதாதா, ஏழு ஊருக்கு! மாமன் முகம் சுண்டிப்போயிற்று. அம்மாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

"ஏண்டி, உனக்கு அறிவிருக்குதா? யாரு உன்னைய இதைய எடுக்கச் சொன்னது?" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள். தானே தண்ணீர் மொண்டு அவள் கையைக் கழுவிவிட்டாள். பிறகு அடுக்கிலிருந்து ஒரு வட்டலை உருவி அவள் முன்னால் ணங்கென்று வைத்தாள். என் பெட்டியில் கிடக்கிற வட்டலின் விளிம்பு நசுங்கியது அப்போதுதான்.

"எச்சில் எடுக்கறவ ஊட்டுக்காரி. ஊட்டுக்காரி கடைசிலதான் திங்கோணும். உக்காரு."

வயிறு முட்டத் தின்றிருந்தவள் மறுபடி உட்கார்ந்து தின்றாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தின்றாள். அதன்பிறகு அவளுக்கு இலை போடவே இல்லை. அம்மா என்னைத் திட்டுகிற அத்தனை வார்த்தையும் அவளுக்கும் கிடைத்தது. அவளும் திருப்பிக் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். அவள் வாயில் எங்கள் பேச்சு ஊறியது அந்த அடுப்பங்கரையில்தான்.

புறப்படும்போது வட்டலைக் கேட்டாள். அம்மா தரவில்லை. "இங்கயே கெடக்கட்டும். சோறு திங்க வருவயில்ல" என்றாள். அவள் வரவில்லை. அம்மா இருந்தவரை பண்டிகைக்கு எல்லா வட்டலோடும் அதையும் புளி போட்டுத் தேய்த்து வைப்பாள்.

இப்போது நான் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் இந்த நாட்டுப் பெண், தங்கமான குணம். மேசையின் தலைமாட்டில் என்னை உட்கார வைத்து, பூப்போட்ட பீங்கான் தட்டில் முதலில் எனக்குத்தான் பரிமாறுகிறாள். இந்த ஊர் பாஷை படிக்கச் சாயங்கால வகுப்புக்கும் போகிறேன். "போதும்", "ரொம்ப நன்றி" இரண்டும் தடங்கலில்லாமல் வருகின்றன. அவளும் மகனும் சமையலறையில் எதையோ பேசிச் சிரிக்கும்போது எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

நேற்று சாப்பிட்டு முடித்ததும் எழுந்து எல்லோருடைய தட்டையும் அடுக்கித் தூக்கினேன். மருமகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். இப்போது திட்டுவாள் என்று தட்டுகளோடு நின்றேன். அவள் தட்டுகளை மெல்ல வாங்கிக்கொண்டு, என் தோளைத் தொட்டு, சிரித்த முகத்தோடு நாற்காலியில் திரும்ப உட்கார வைத்தாள்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். வட்டலை எடுத்து மடியில் வைத்து, நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தேன். பிறகு சேலைகளுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.