நாக்கு நீட்டிய ரீல்

பெண் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவாள் என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் டிரைவரிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வாரம், ஒரு மத்தியான வேளையில், டிப்போவில் நடந்த சண்டை ஒன்றை அவளிடம் விலாவாரியாகச் சொல்லி முடித்தார். "நீ என்ன சொல்ற?" என்று கேட்டபோதுதான் அவளிடமிருந்து மெல்லிய குறட்டை வந்தது. டிரைவர் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

எழுந்ததும் அவள் சிரித்தாள். "இதுக்கு என் தம்பி ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருந்தான். மூஞ்சிக்கு முன்னாடி கையை ஆட்டிப் பாருங்க. சிமிட்டலன்னா தூங்குறேன்னு அர்த்தம்."

"செத்துட்டேன்னும் அர்த்தம் இருக்கே."

"அதுக்குத்தான் குறட்டை விடறேன்."

தையல் ஆலையில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்றாக விரித்த துணி அடுக்கை மின்கத்தியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். கத்தரியைத் தொட்டுப் பல வருடமாகிறது. என்றாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டுவது அவளுக்கு வீட்டிலும் விட்டபாடில்லை. அவளிடம் ஒரு காமிரா இருந்தது. விரல் நீளம், தீப்பெட்டியை விட ஒல்லி. இழுத்துத் தள்ளினால் அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். 'குட்டி' என்றுதான் அதைச் சொல்வாள். குட்டிக்குத் தோதான ஃபிலிம் கடையில் கிடைக்காது. சாதாரண ரீலை வாங்கி, ஜன்னல் இல்லாத குளியலறையில், கும்மிருட்டில், நீளவாக்கில் இரண்டு நாடாக்களாகக் கிழிக்க வேண்டும். மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, ஆலையில் கழித்துப்போட்ட பிளேடுகளை அதில் பதித்து, அதற்கான கருவியை அவளே செய்திருந்தாள். மேல் பாதி ஒரு நாடா, கீழ்ப் பாதி ஒரு நாடா. விரல் நுனிதான் கண்.

படம் எடுத்த ஃபிலிமைக் கழுவுவதும் அதே குளியலறையில்தான். "குளிக்கப் போனா மருந்து வாடை, பல் தேய்க்கப் போனா கொடியில நெகட்டிவ். இந்த வீட்டுல நான்தான் வாடகைக்கு இருக்கேன்," என்பார் டிரைவர்.

அந்தத் தம்பியை டிரைவர் பார்த்ததில்லை. இதே வீட்டில் அக்காவும் தம்பியுமாக இருந்த காலத்தில், படம் எடுப்பது அவன் வேலை, கழுவுவது இவள் வேலை. அவனுடையது பெரிய காமிரா. அதன் ஜன்னலில் பார்த்தால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார், நிழல் போல ஒருவர், நிஜம் போல ஒருவர். வளையத்தைத் திருப்பத் திருப்ப நிழல் நகர்ந்து வந்து நிஜத்தின் மேல் உட்காரும். அப்போது அமுக்கினால் படம் துல்லியமாக விழும். "இரு அக்கா, உன்னை ஒண்ணு சேத்துக்கறேன்," என்பான் தம்பி. வேலைக்கு ஏற்ற சுண்டுவிரல் அவனுக்கு. சின்ன வயதில் சைக்கிள் சங்கிலியில் மாட்டியதில் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. வளையத்தைத் திருப்ப அதுவே வசதி என்று பெருமை பேசுவான்.

ரீல் விஷயத்தில் அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. ஃபிலிமின் நுனி டப்பாவுக்கு வெளியே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது புதுசு. நாக்கு உள்ளே போயிருந்தால் படம் எடுத்தது. எடுத்து முடித்ததும் அவன் குமிழைத் திருகித் திருகி நாக்கை முழுசாக உள்ளே சுற்றிவிடுவான். அந்தக் குமிழ் கடைசிச் சுற்றுகளில் கீச்சுக் கீச்சென்று கத்தும்.

ஒருநாள் அவள் இருட்டில் உட்கார்ந்து ஒரு கல்யாண ரீலைக் கழுவும் டப்பாவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, சோப்பு எங்க?" என்று தம்பி படாரென்று கதவைத் திறந்தான். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் முழுவதும் ஒரு நொடியில் வெளிச்சமாகிப் போனது.

"எங்கேயாவது தொலைஞ்சு போடா!" என்று கத்தினாள். "என் கண்ணு முன்னால நிக்காதே!"

மறுநாள் காலையில் அவனும் இல்லை, பெரிய காமிராவும் இல்லை.

"நீ சொன்னதைத்தானே செஞ்சிருக்கான், சொல் பேச்சுக் கேக்கற பிள்ளை," என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு அது வெறும் பேச்சு. இவளுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் எடுப்பதில்லை. சாவி கிடைக்காவிட்டால் 'காணோம்' என்பாள். தொலைவு என்று கூடச் சொல்லமாட்டாள், தூரம்தான். வருடங்கள் ஓடின. அவன் தன் சொல்லைக் கேட்டுத்தான் போனானா என்ற கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. கேட்க ஆள் இல்லை.

அவன் விட்டுப்போன புது ரீல்கள் பிரிட்ஜில் ஒரு தகர டப்பாவில் இருந்தன. குளிரில் ஃபிலிம் கெடாது. ஆசை ஆசையாக, ஆடிக்கொரு தடவை என்று எடுத்துச் செலவழித்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதைத் தொடுவதாக இல்லை. பிரிட்ஜ் படுத்துவிட்டதால்தான் எடுத்தாள். நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இருட்டில் இரண்டாகக் கிழித்தாள். மேல் பாதியில் ஆலையைப் படமெடுத்தாள். கீழ்ப் பாதியைக் குட்டியில் போட்டு வைத்தபோது, டிரைவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருடைய பஸ்ஸில் படிக்கட்டுத் தகடு உடைந்திருந்தது. சொன்னால் ஆபீஸில் நம்பமாட்டார்கள், படமாகக் காட்ட வேண்டும்.

அவளுக்கு விடுமுறை நாள். வீட்டில் தனியாக முதல் நாடாவைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட, பூதக்கண்ணாடியை வைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நெகட்டிவில் கறுப்பு வெள்ளை மாறித் தெரிவது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. கண் தானாகத் திருப்பிக்கொள்ளும்.

பதினெட்டுப் படம் வரைக்கும் எல்லாம் சரி. ஆலை வாசல், நூல் வண்டி, பித்தான் தைக்கிற பெண்கள்.

பத்தொன்பதாவது ஆலையின் மாடிப்படி. படிக்குப் பின்னால் இருட்டாக இருக்க வேண்டிய சுவரில் ஜன்னல் கம்பிகள் தெரிந்தன. மாடிப்படியை விடப் பெரிய ஜன்னல். ஆலையில் அப்படி ஜன்னலே கிடையாது.

மூன்று நான்கு படம் தள்ளி, இஸ்திரிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கறுப்புச் சட்டையின் மேல் கயிறு கயிறாக என்னவோ படர்ந்திருந்தது. தலைமுடி. ஒவ்வொரு இழையும் அவர் கைத்தடிமன்.

அதற்கும் கீழே காவல்காரர், குடைக்கடியில். குடையின் நிழலுக்குள் ஒரு கண். ஆள் உயரத்துக்கு ஒரு கண், திறந்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். குளியலறைக் கதவு, வாளி, அவ்வளவுதான்.

கடைசிப் படங்களைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பார்த்தாள். பெண்கள் சாப்பிட உட்காரும் கொட்டகை. குனிந்து சாப்பிடுகிறவர்களின் தலைக்கு மேல், இருண்ட கூரையிலிருந்து, ஒரு கை இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து விரல். படம் படமாகப் பார்த்துக்கொண்டு வந்தால், முதலில் ஜன்னல், பிறகு முடி, பிறகு கண், பிறகு கை என்று ஏதோ ஒன்று நெருங்கி வந்துகொண்டே இருந்தது.

ஆனால் அவள் வெட்டுக்காரி. காலர், கை, முன்பக்கம் என்று மேசையில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் சட்டையாகப் பார்த்துப் பழகியவள். கடைசி மூன்று படங்களிலும் ஆலையை விட்டுவிட்டு, அவற்றின் பின்னால் இருப்பதை மட்டும் ஒட்டிப் பார்த்தாள். மூன்று குட்டிப் படங்களின் நீளம், ஒரு பெரிய படம். பெரிய காமிராவின் படம். அதன் மேல் பாதி. அந்தக் கையில் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

கண் அவளுடையது. தூங்குகிற கண்.

நாக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் அது புது ரீல் இல்லை. போன அன்றைக்குத் தம்பி எடுத்த ரீல். அதைக் கிழித்து, அதன் மேலேயே ஆலையை எடுத்திருக்கிறாள். நாடாவில் வரிசை தலைகீழாக விழுந்திருந்தது: அவள் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியது அவன் முதல் படம்; பின்னால் நகர்ந்து, நகர்ந்து, வாசலில் நின்று எடுத்தது கடைசி. வாசலிலிருந்து பார்த்தால்தான் அந்த ஜன்னல் அப்படித் தெரியும். ஜன்னலுக்கு நேர் கீழே அவள் கட்டில். அது கீழ்ப் பாதி நாடாவில் இருக்கிறது. அந்த நாடா குட்டியில் இருக்கிறது. குட்டி பஸ்ஸில் இருக்கிறது. டிரைவர் பதினெட்டைத் தாண்டி அமுக்கும் ஒவ்வொரு அமுக்கலும் அவள் தம்பி விட்டுப்போனதன் மேல் விழும்.

ஜோடி மாறிய செருப்புகளை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ் நின்றதும் முன்வழியாக ஏறினாள். "என்னடி? வீட்டுல நெருப்பா?" என்றார் டிரைவர்.

"குட்டி எங்க?"

"பையில. ஏன்?"

"எத்தனை எடுத்தீங்க?"

"வரிசையா டயரு, கண்ணாடின்னு போற போக்குல எடுத்தேன். இப்பதான் படிக்கட்டு ஒண்ணு. இன்னும் கிட்டக்கப் போய் ரெண்டு எடுத்தா..."

"தொடாதீங்க! அமுக்காதீங்க! குடுங்க இங்க!"

"அண்ணி, டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"அண்ணன் யாரையோ படம் பிடிச்சு மாட்டிக்கிட்டாருய்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. "சண்டையை இறங்கிப் போடுங்கம்மா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார் ஒரு கிழவர்.

குட்டியின் எண் பத்தொன்பதில் நின்றிருந்தது. அதை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வருகிறவள் மாதிரி வீடு வந்து சேர்ந்தாள்.

சாயங்காலம் டிரைவர் வந்தபோது இரண்டாவது நாடா காய்ந்திருந்தது. அவள் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். பத்தொன்பதாவது படம்: பஸ் படிக்கட்டு, உடைந்த தகடு. படிக்கட்டின் இருட்டுக்குள் ஒரு கட்டில், தலையணை, கண் திறந்து படுத்திருக்கும் ஒரு பெண். அவள் கை முழங்கையிலிருந்து மேலே எழுந்திருந்தது. உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் பாதி மடங்கி.

"யாரு... நீயா?"

அப்போதுதான் அந்தச் சண்டையையும், தான் சொன்ன சொல்லையும் அவரிடம் முதன்முறையாகச் சொன்னாள். 'தொலைஞ்சு போ' என்ற இடத்தில் குரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கு எதுவும் நினைவில்லீங்க. கையைத் தூக்கினதே தெரியாது. ஆனா அவன் பாத்திருக்கான். இது 'வா'வா, 'போ'வா?"

டிரைவர் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். கையை வெளியே உதறினால் போ. உள்ளே மடக்கினால் வா. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் கை ஒரே மாதிரிதான் இருந்தது. படம் அந்த இடத்தில் நின்றிருந்தது.

"டாட்டாவா இருக்கலாம்."

"டாட்டான்னா உள்ளங்கை தெரியும்."

"அதுவும் சரிதான்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடைசிப் படம் வாசல்ல நின்னு எடுத்ததுன்னா, இந்த ரீல் எப்படி பிரிட்ஜுக்கு வந்துச்சு?" என்றார்.

அவள் அதை யோசித்திருக்கவில்லை. வீடு ஒரே நீளம். ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் பிரிட்ஜ் இருக்கும் சமையலறை, நடுவில் கட்டில். வாசலில் நின்றவன் திரும்ப உள்ளே வந்திருக்கிறான். அவளைத் தாண்டிப் போய், அவள் கழுவட்டும் என்று ரீலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். குமிழை முழுசாகத் திருகினால் கீச்சென்று கத்தும், அவள் விழித்துவிடுவாள் என்று நாக்கை வெளியிலேயே விட்டிருக்கிறான். அதனால்தான் அது இத்தனை வருடம் புது ரீலாக உட்கார்ந்திருந்தது.

"ரீலை வைக்க வந்தானா, நான் கூப்பிட்டு வந்தானா?" என்றாள்.

டிரைவர் மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

அடுத்த விடுமுறையில் அவளே ஒரு வழி சொன்னாள். "நான் சாப்பிட்டுட்டுத் தூங்கறேன். நீங்க வாசல்ல, அவன் நின்ன இடத்துல நில்லுங்க. கை என்ன பண்ணுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"நான் பஸ் ஓட்டறவன்மா. என்னைப் பேயோட்ட விடாதே."

"நில்லுங்களேன்."

நின்றார். கதவு திறந்திருந்தது. தெருவில் வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. அவள் கண்கள் திறந்தபடியே இருந்தன. குறட்டை வந்ததும்தான் தூங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் விழித்தபோது அவர் வாசலில் இல்லை. வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டிருந்தார், நிறைந்த பஸ்ஸில் இறங்குகிறவருக்கு இடம் கொடுக்கிற மாதிரி.

"தூக்கினேனா?"

"தூக்கினே."

"வாவா, போவா?"

"நீ என்னைப் பாக்கலை. எனக்குப் பின்னாடி பாத்தே. சின்னப் பிள்ளையைக் கூப்பிடற மாதிரி விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டே. வான்னுதான்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்காமல், "அதுக்கு ஏன் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள்.

டிரைவர் வாசல் பக்கமும் திரும்பவில்லை, சமையலறைப் பக்கமும் திரும்பவில்லை.

"நீ அப்படிக் கூப்பிடும்போது நான் எப்படி வழியில நிக்கறது? அதான் நகந்து வழி விட்டேன்."

"நல்லது பண்ணீங்க," என்றாள் அவள்.