கொழும்புப் பயணத்துக்கு முதல்நாள்

ஜொய்சி யாழ்ப்பாணத்து அரியாலையைச் சேர்ந்தவள். கணக்கு ரீச்சர். கணவர் லெனாட்டுக்குச் சாம்பியாவில் வேலை கிடைத்ததும் அவரோடு லுசாக்கா நகரத்துக்குப் போய், பதினொரு வருடம் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். மூன்று முறை கரு தங்கவில்லை. நான்காவது முறை முயல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமைகளில் தேவாலயத்துப் பெண்களோடு ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய்வந்த நாட்களில்தான் லுயாண்டோவைக் கண்டாள்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. மற்றப் பிள்ளைகள் வந்தவர்களின் கைகளில் தொங்குவார்கள். லுயாண்டோ மதிலோடு ஒட்டி நின்று, யார் எப்போது வெளிக்கிட்டுப் போகிறார்கள் என்று மட்டும் பார்ப்பாள். காரணத்தை இல்லத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். முந்தின வருடம் ஒரு குடும்பம் வளர்க்கவென்று அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஏழு மாதம் கழித்து, புதுச் சட்டை போட்டுவிட்டு, அவளுடைய உடுப்புகளை ஒரு பையில் அடுக்கி, “ஓரிடத்துக்குப் போகிறோம்” என்று சொல்லித் திரும்ப இல்லத்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நீதிமன்றத்துக்கு ஒன்றரை வருடம் அலைந்து, ஜொய்சியும் லெனாட்டும் அவளைச் சட்டப்படி தங்கள் பிள்ளையாக்கினார்கள். லெனாட்டின் வேலை ஒப்பந்தம் முடிய, மூவருமாக அரியாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பிள்ளையின் தலைமயிரைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினார்கள். ஜொய்சி அந்தக் கைகளைத் தட்டிவிட்டாள். லெனாட்டின் மாமி கேட்டேவிட்டாள்.

“ஏன் பிள்ளை, எங்கடை சனத்துக்கை ஒரு பிள்ளை கிடைக்கேல்லையே?”

“இது எங்கடை பிள்ளைதான் மாமி. தேத்தண்ணி குடியுங்கோ.”

லுயாண்டோ ஒரு கரைச்சலும் தரவில்லை. சொன்னதைச் செய்தாள், போட்டதைச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள். விழுந்து முழங்கால் கிழிந்தபோது தானே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அழவில்லை. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி மெச்சினாள். ஜொய்சி மெச்சவில்லை. ஆறரை வயதுப் பிள்ளை மூன்று மாதமாக ஒருமுறைகூட “மாட்டன்” என்று சொல்லவில்லையென்றால் அது என்ன பிள்ளை?

அந்த மூன்றாம் மாதம் பிள்ளையின் விசாவை நீட்டக் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை ரயில். திங்கள் மத்தியானம் ஜொய்சி கட்டிலில் சூட்கேஸைத் திறந்து வைத்து, முதலில் லுயாண்டோவின் உடுப்புகளை அடுக்கினாள். போட்டுக்கொண்டு போகவென்று ஒரு புதுச் சட்டையை வெளியில் எடுத்து வைத்தாள். பிள்ளை கதவடியில் நின்றாள்.

“எங்கை போறம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“கொழும்புக்கு. ஒரு ஒப்பீசுக்கு.”

“சரி,” என்றாள் லுயாண்டோ.

குசினிக்குள் சோறு வெந்துகொண்டிருந்தது. ஜொய்சி போய் அதை வடித்துவிட்டு வந்து கூப்பிட்டாள். பிள்ளையைக் காணவில்லை. வளவைச் சுற்றி ஓடினாள். படலை திறந்து கிடந்தது. லெனாட் கிணற்றுக் கட்டில் குனிந்து நின்று, தண்ணீருக்குள் நீளக் கம்பு ஒன்றை விட்டுத் துழாவினார். கம்பு கிணற்றுச் சுவரில் அடிபட்டுக்கொண்டே இருந்தது.

ஜொய்சி அறைக்குள் வந்தாள். சூட்கேஸ் வெறுமையாகக் கிடந்தது. அலுமாரியைத் திறந்தாள். லுயாண்டோவின் உடுப்புகள் எல்லாம் பழைய தட்டில், ஓரம் பிசகாமல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திரும்ப வாசலுக்கு ஓடினாள்.

அந்நேரம் கடற்றொழிலாளி செபமாலை சைக்கிளை வேலியில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“ரீச்சர், உங்கடை பிள்ளை கடலுக்கை நிக்குது! நான் கிட்டப் போகப் போக அது உள்ளுக்கை போகுது.”

ஜொய்சி மறுபடி அறைக்குள் ஓடினாள். பிள்ளையின் உடுப்புகளை அள்ளிச் சூட்கேஸுக்குள் போட்டாள். தன் சேலைகளையும் லெனாட்டின் சேட்டுகளையும் இழுத்து அதற்குள்ளேயே அமத்தினாள். லெனாட்டின் மோட்டார் சைக்கிளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

அரியாலைக் கடல் ஆழமில்லாதது. வெகுதூரம் நடந்து போகலாம். கரையில் இருபது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு சின்னத் தலை தெரிந்தது.

“பிள்ளைக்கு அங்காலை வள்ளம் போற வாய்க்கால் இருக்கு ரீச்சர்,” என்றார் செபமாலை. “அதுக்கை எனக்கே நிலையில்லை.”

“ஒருதரும் கத்தாதேங்கோ. நீங்கள் மெல்லமாச் சுத்திப் போங்கோ அண்ணை.”

ஜொய்சிக்கு நீந்தத் தெரியாது. லெனாட் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொள்ள, இருவரும் சேற்றில் கால் புதையப் புதைய நடந்தார்கள். பிள்ளை ஒரு அடி பின்னால் வைத்தாள். ஜொய்சி நின்றாள். லெனாட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் திறந்து பிடித்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

“இது உன்ரை சட்டை. இது என்ரை சேலை. இது அப்பான்ரை சேட்டு. மூண்டு பேரும் போறம். மூண்டு பேரும் திரும்பி வாறம்.”

“எப்ப?”

“வியாழக்கிழமை.”

“பொய்!”

அவ்வளவு சத்தமாக அவள் கதைத்ததை ஜொய்சி அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த கணம் பிள்ளையின் கால் சறுக்கியது. “அமாய்!” என்று அலறினாள். கரையில் நின்றவர்கள், அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்றார்கள். அது அவளுடைய நியான்ஜா மொழியில் அம்மாவுக்கான சொல் என்று ஜொய்சிக்குத் தெரியும். எந்த அம்மாவைக் கூப்பிட்டாள் என்பது தெரியாது. ஜொய்சி பாய்ந்தாள். நிலம் இல்லாமல் போனது. உப்புத் தண்ணீர் மூக்கிலும் வாயிலும் ஏறியது. கையில் பிள்ளையின் சட்டை அகப்பட்டது, அதை விடவில்லை. மறுபக்கத்தால் வந்த செபமாலை இருவரையும் சேர்த்து இழுத்து மேட்டில் நிறுத்தினார். லுயாண்டோ திமிறி ஜொய்சியின் தோளை இரத்தம் வரக் கடித்தாள். ஜொய்சி பிடியைத் தளர்த்தவில்லை.

அடுத்த நாள் ரயிலில் அவர்கள் போகவில்லை. அதற்கடுத்த கிழமை போனார்கள். ஒப்பீசில் இருந்த அரைநாளும் லுயாண்டோ ஜொய்சியின் கைப்பையின் வாரைப் பிடித்தபடியே இருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுப் படலையைத் தாண்டியதும் நிலத்தில் விழுந்து புரண்டு அழத் தொடங்கினாள். வேலிக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. தூக்கப் போன லெனாட்டை ஜொய்சி தடுத்தாள். பயணச் சேலையோடு பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்து, ஒரு மணித்தியாலமாக அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லுயாண்டோவுக்கு இப்போது ஒன்பது வயது. செபமாலையின் மகள் ஆரபியோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். எங்காவது போவதென்றால் போகும் நாளையும் திரும்பும் நாளையும் ஜொய்சி அவளுக்கு முதலே சொல்லிவிடுவாள். கணக்குப் பாடம் லுயாண்டோவுக்குப் பிடிக்காது. நேற்றும் வகுத்தல் கணக்கு ஒன்றுக்காகத் தாயும் மகளும் சண்டை பிடித்து, இருவரும் ஆளுக்கொரு அறையில் இருந்துகொண்டு, சாப்பாட்டைத் தங்கள் தங்கள் அறைக்குக் கொண்டுவரச் சொல்லி லெனாட்டைக் கூப்பிட்டார்கள்.