நான் தோற்ற லாவணி

மனிதரின் மனத்தைப் பேச்சு எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் ஆய்வு. ஆனால் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒருவர் மனத்தையும் என்னால் மாற்ற முடியவில்லை. பெண்களைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்து வாயே வலித்துவிட்டது. கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்: "நோவே இல்லாத ஒடம்ப எதுக்கு மிஸ் காட்டணும்?" எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அக்கா லாவணிக்காரர் வீட்டுப் பெண். காமன் கூத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடுவார்களே, அந்த லாவணி. பரிசோதனைக்கு முந்தின நாள், பெண்கள் கொழுந்து நிறுக்கக் காத்திருந்தபோது அது எனக்குப் பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

"அக்கா, இன்னைக்குக் கட்சி மாறிப் பேசுவோமா? நீங்க கிளினிக்குக்குப் போற கட்சி, நான் போகாத கட்சி."

"எந்தக் கட்சின்னாலும் நான் தோக்க மாட்டேன் மிஸ்!"

அவருடைய கேள்வியையே நான் கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, அக்கா ராகம் போட்டுத் திருப்பியடித்தார்:

"நோய் வருமுன்னே தேயிலைக்கு மருந்தடிக்கிறாங்க. செடிக்கு இருக்கிற மதிப்பு நம்ம ஒடம்புக்கு இல்லையா?"

சுற்றி நின்ற பெண்கள் இந்த முறை அந்தப் பாட்டுக்குத் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை கிளினிக் வாசலில் முதல் ஆளாக அவர் நின்றார். பின்னால் தோட்டத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"நேத்து நான் பாடுனதுக்கு என்னாலயே பதில் சொல்ல முடியல மிஸ்," என்றார்.

ஒரு வாதத்தில் தோற்றுவிட்டு அவ்வளவு தலை நிமிர்ந்து நான் வீடு திரும்பியது அன்றைக்குத்தான்.