ஊமைச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு சர்க்கார் குழந்தைகள் இல்லத்தில் தையல் டீச்சராகச் சேர்ந்தேன். அங்கே ஆறு வயதிருக்கும் ஒரு சிறுமியை எல்லாரும் ‘ஊமைச்சி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஊமையில்லை, குறைவாகப் பேசினாலும் நன்றாகவே தமிழ் பேசினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தொலைந்துபோய், யாரோ ஆற்றுப் பாலம் தாண்டிக் கூட்டிவந்து டவுன் போலீஸில் ஒப்படைத்த குழந்தை. வந்த புதிதில் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று அந்தப் பட்டம்.

ஒருநாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே, “அம்மா, நீள்ளு” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். பக்கத்து வீட்டுக்காரர்கள் தெலுங்கர்கள். குழந்தை தெலுங்கில் தண்ணீர் கேட்கிறாள்.

சமையல்கார அம்மாவிடம் விசாரித்தேன். “வந்தப்போ ஏதேதோ உளறிக்கிட்டே இருந்துச்சு டீச்சர். யாருக்கும் புரியல. அப்புறம் அதுவே நிறுத்திருச்சு” என்றார்.

மேலதிகாரிகள் வராமல் இல்லை. வந்தார்கள், அரிசியை அள்ளிப் பார்த்தார்கள், கக்கூஸைப் பார்த்தார்கள், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வணக்கம் வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தப் பிள்ளை என்ன பேசுகிறது என்று ஒருவரும் குனிந்து கேட்கவில்லை.

சூப்பரிண்டெண்ட் அம்மாவிடம் சொன்னேன். “இத்தனை வருஷம் கழிச்சு யாரு டீச்சர் தேடப்போறாங்க?” என்று முடித்துவிட்டார்.

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வயதான ஏட்டு ஒருவருக்கு நினைவிருந்தது. “நெல்லூர்ப் பக்கத்து ஆளுங்கம்மா. ஏகாதசிக்கு ஏகாதசி வந்து அழுதுட்டுப் போறாங்க. எங்ககிட்ட குழந்தை எதுவும் வரலீங்களே, நாங்க என்ன சொல்றது?”

இங்கிருந்து யாரும் அங்கே கேட்கவில்லை. அங்கிருந்து யாரும் இங்கே வரவில்லை. நடுவில் இருந்தது ஒரு பாலம்தான். விலாசம் வாங்கி எழுதினேன்.

அப்பா மட்டும் வந்தார். வேறு ஊர்களில் இரண்டு முறை போய்ப் பார்த்து, தங்கள் குழந்தை இல்லை என்று திரும்பியிருக்கிறார்கள். இன்னொரு தடவை தாங்கமாட்டேன் என்று பெற்றவள் வராமல் இருந்துவிட்டாளாம்.

மகளைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நா தல்லி, நா தல்லி” என்று கையை நீட்டினார். அவள் என் புடவையில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

“யாரு டீச்சர் இவரு? என்ன சொல்றாரு?”

“உங்க அப்பா, கண்ணு. ‘என் தாயே’ன்னு கூப்பிடறாரு.”

“எனக்குப் புரியல டீச்சர்.”

அவர் பேசப் பேச அவள் மிரண்டாள். அவரும் புரிந்துகொண்டு பேச்சை நிறுத்தினார்.

கோர்ட் உத்தரவு வந்தபின் ஜங்ஷனுக்கு நானும் போனேன். “என்னை விட்டுட்டுப் போகாதீங்க டீச்சர்” என்று கதறியவளை இரண்டு பேராகத்தான் வண்டியில் ஏற்றினோம். ஜன்னல் வழியாக அவர் என்னிடம் கேட்டார்: பசித்தால் இவள் எப்படிச் சொல்வாள்? வலித்தால் எப்படிச் சொல்வாள்? சொல்லிக்கொடுத்தேன். “பஸிக்குது, வலிக்குது” என்று பள்ளிப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னார். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சில மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறாளாம். தெலுங்கு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதாம். ஆனால் பெற்றவளை இன்னும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

அன்றைக்கு என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை.