நான் கண்டுபிடித்த எண்ணெய்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஆய்வகத்துக்கு எண்ணெய் மாதிரி வந்தால் முதலில் மோந்துபார்ப்பேன். விதிப்படி அது கூடாது. மாமாவிடமிருந்து தொற்றிய பழக்கம்.

மாமா அம்மாவின் தம்பி. எனக்கு எட்டு வயதானபோது வளைகுடாவிலிருந்து ஆரம்பாக்கத்துக்கு விடுப்பில் வந்திருந்தார். அவர் வேலை பார்த்த நகரத்தின் கதையைத் தினமும் சொல்லச் சொல்லிக் கேட்பேன். முன்பு அங்கே சில மீனவர் குடிசைகளும் ஒட்டகங்களும்தான். மண்ணுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. பிறகு துறைமுகம், அகலச் சாலைகள், கண்ணாடிக் கட்டடங்கள்.

"எண்ணெய் வந்தா போதுமா மாமா?"

"மத்ததெல்லாம் தன்னால வரும் பாப்பா. நம்மூர்ல வந்துச்சின்னா நான் இன்னாத்துக்கு பிளேன் ஏறப் போறேன்? லுங்கி கட்டிக்கினு இங்கயே வேலைக்குப் போவேன்."

வேடிக்கைக்குச் சொன்னதை நான் திட்டமாக எடுத்துக்கொண்டேன். அவர் புறப்பட ஐந்து நாள் இருந்தது. தேவையானவை மூன்று: பம்புசெட் கொட்டகையில் இருந்த டீசல் கேன், ஒரு சொம்பு, ஆளில்லாத மதியம். மூன்றும் கிடைத்தன. கொட்டகையை ஒட்டியிருந்த தொட்டித் தண்ணீரில் ஆறு சொம்பு ஊற்றினேன். படலம் பல நிறங்களில் விரிந்தது. ஓடிப்போய் மாமாவை இழுத்துவந்தேன்.

அவர் குனிந்து மோந்தார். டீசல் சொட்டிய என் பாவாடையைப் பார்த்தார். தண்ணீர் நாற்றங்காலுக்குப் போகாதபடி மடையை மண்போட்டு அடைத்தார். பிறகு வாளியால் இறைத்து வெளியே கொட்டத் தொடங்கினார். பாதியில் அப்பா வந்துவிட்டார்.

"யாரு வேலை இது?"

"நான்தான் மாமா. கேன் கை தவறிடுச்சி" என்று அப்பாவிடம் முந்திக்கொண்டார் மாமா.

"அங்க எண்ணெயிலயே கால் கழுவிப் பழகிட்டியா மச்சான்? நாத்து போயிருந்தா இந்த வாட்டி இன்னாத்த நடுறது?"

மாமா தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். அப்பா போனதும் நான் கேட்டேன்.

"அதான் எண்ணெய் வந்துடுச்சே. நீ போவ மாட்டல்ல?"

"இது பத்தாது பாப்பா."

"அங்க உன் ஊடு இதவிடப் பெருசா?"

"ஊடா? ஒரு ரூமு. எட்டுப் பேரு."

எட்டுப் பேர் சேர்ந்து தூங்குவது எனக்குக் கல்யாண வீடுபோலத் தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது. மாமா டீசல் கையாலேயே கண்ணைத் துடைத்தார். எரியும் என்று கத்திக்கொண்டே நல்ல தண்ணீர் எடுத்துவர ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார். தொட்டியருகே அவர் கண் கலங்கியதற்கு டீசல்தான் காரணம் என்று பல வருடம் நம்பினேன்.