கப்பல் பிடிக்கும் கம்பி

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன்னர் கல்முனையில் என் பெயர் எவ்வாறு இருந்தது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்று, அதையே கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த காலத்திலும் என்னைக் குறித்து எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. காணித் தகராறு என்றால் இரு தரப்பாரும் என்னையே நடுவில் இருத்துவார்கள்.

மூத்த மகன் சரக்குக் கப்பலொன்றில் பொறியியலாளன். அவனுடைய கப்பல் எங்கள் கரைக்கு அப்பால் கடந்து போகும் நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளாது. பெரிய கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் ஓயாமல் அறிவித்தபடி செல்கின்றன. அதைக் கேட்கும் சிறு பெட்டியொன்றை வரவழைத்தேன். டிஷ் பூட்டுபவரைக் கொண்டு மாடியில் இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் வெள்ளைக் கம்பி போன்ற ஏரியலைப் பொருத்தினேன். தென்னைகள் மறைத்தன; பெட்டியோடு இணைத்த கணினித் திரையில் ஒரு கப்பலும் வரவில்லை. குழாயை உயர்த்தினோம். காற்றுக்கு ஆடியது, இழுத்துக் கட்டினோம். உப்புக்காற்று ஏறாதபடி வயர் பொருத்தில் ரப்பர் நாடா சுற்றினோம். சுற்றியது போதுமா என்று பார்க்க நானே திரும்பத் திரும்ப ஏறினேன்.

"வயசுக்கேத்த வேலையா இது? விழுந்தா ஆரு பாக்கிற?" என்று மனைவி கீழே நின்று சத்தம்போட்டார்.

அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஒருவர் கேட்டார்: "சேர், என்ன ஏரியல் அது? டீவிக்கா?"

"இல்லை. கப்பல் பிடிக்கும்."

ரேடியோ பிடிக்கிறது, டீவி பிடிக்கிறது என்று சொல்லாத வீடு இவ்வூரில் இல்லை. நான் சொன்னது சரியான சொல். ஆனால் அந்த வாரமே, தடைசெய்யப்பட்ட வலையுடன் சென்ற பக்கத்து வீட்டுக்காரரின் படகைக் கடற்படை பிடித்தது. என் சொல் அதற்கு முன்பே கடற்கரையை எட்டியிருந்தது.

"சேர்தான் புடிச்சுக் குடுத்த," என்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் ஸலாத்துக்குப் பதில் சொல்லவில்லை. தொழுகையில் என்னருகே இடமிருந்தும் பின் வரிசைக்குப் போனார். வீட்டில் உட்கார்ந்தால் எழும்பத் தோன்றியது. மாடிக்குப் போனால் ஊரே அந்தக் கம்பியைப் பார்ப்பதாகப்பட்டது. புத்தகம் திறந்தால் ஒரு பக்கம் ஓடாது. கடைசியில் அவருடைய வீட்டு வாசல் கடப்படிக்கே போய் நின்றேன்.

"மாடிக்கு வாருங்கள்."

"எனக்கென்ன சேர் விளங்கும்?"

"கண் தெரிந்தால் போதும்."

வந்தார். அவருடைய மற்றப் படகு கரைக்கு நேரே, வெறுங்கண்ணுக்குத் தெரிய, மீன்பிடித்துக்கொண்டிருந்தது. கணினித் திரையைத் திருப்பி, "உங்கள் படகை இதில் காட்டுங்கள்," என்றேன்.

தேடினார். "இல்லையே."

"அறிவிக்கும் கருவி அதில் இல்லை. பேசாத படகை இது எப்படிக் கேட்கும்? கேட்டாலும் எவருக்கும் சொல்லாது. இதற்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது."

அவர் கடலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "என்ட கண்ணுக்குத் தெரியிற போட் ஒங்கட பெட்டிக்குத் தெரியல்ல. இதுக்கா சேர் இவ்வளவு பெரிய கம்பி?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"மகன்ட கப்பல் எது?"

பொத்துவிலுக்கு அப்பால் தெற்கே நகரும் பச்சைப் புள்ளியைக் காட்டினேன். அது திரையின் ஓரத்தைத் தாண்டும்வரை நின்று பார்த்தார். மஃரிப் தொழுகைக்கு என் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்.

நான் அவரிடம் மாப்புக் கேட்டு ஏரியலைக் கழற்றிவிட்டதாக இப்போது சிலர் கதைக்கிறார்கள். மாப்புக் கேட்கவில்லை. ஏரியல் அதே குழாயில் நிற்கிறது.